இல்லாத திரையில் ஒரு கப்பல்

இரண்டு முறை கிளிக் செய்தால் அம்புக்குறியின் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் சுற்றியது. பிறகு நின்றது. அவ்வளவுதான். பிழைச் செய்தி இல்லை. எச்சரிக்கை ஒலி இல்லை. திரை ஒரு முறை கறுத்து மீளக்கூட இல்லை. புகை விடும் கப்பலின் சின்னப் படம், யாரும் தன்னைத் தொடவே இல்லை என்பது போலத் திரையின் மூலையில் நின்றது.

தரணிதரன் மறுபடி கிளிக் செய்தான். வளையம். பிறகு ஒன்றுமில்லை.

அவன் பம்ப் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். கோயம்புத்தூரில் செய்யும் மோட்டார் பம்புகள் அவன் முன்னால் வந்து, சொன்ன அளவு தண்ணீரை இறைத்துக் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போக முடியும். கரகரவென்று கத்திவிட்டு நிற்கும் பம்ப் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. சத்தமில்லாமல் நிற்கும் பம்ப்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கும். வெகு நாட்களுக்குப் பிறகு ஏதோ ஒன்று அவனை அப்படி உட்கார வைத்தது.

"ஆகலைங்க," என்றான் ஃபோனில்.

மறுமுனையில் ஜெனிட்டா. தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். அவளை அவன் நேரில் பார்த்ததில்லை. அவன் மனைவி மிருதுளா பல வருடங்களாக 'எட்டாவது கடல்' என்ற ஆட்டத்தில் ஒரு கப்பலை ஓட்டினாள். அதே கப்பலில் ஜெனிட்டாவும் உண்டு என்பது மட்டும் தெரியும். மிருதுளா டெங்குவில் நான்கே நாளில் போனபோது ஜெனிட்டா ஒரு முறை அழைத்து அழுதாள். அதற்கப்புறம் இன்று காலைதான். "அண்ணே, மிருது கம்ப்யூட்டர்ல ஆட்டத்தைத் திறந்து ஒரு மணி நேரம் ஆடணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. ஏன்னு அப்புறமா சொல்லுதேன்," என்றாள்.

மறுப்பதென்றால் ஒரு காரணம் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது. தேடச் சோம்பல். சரி என்றுவிட்டான்.

"என்ன வருதுண்ணே?"

"ஒண்ணுமே வரலைங்க. இருங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்!"

காதிலிருந்து ஃபோனை விலக்க வேண்டியிருந்தது.

"எந்த ஹெல்ப்லைன்ல கேட்டாலும் முதல்ல அதைத்தானங்க சொல்லுவாங்க?"

"மத்தது என்ன வேணாலும் செய்யுங்க. ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க. சுவத்து ஸ்விட்சுல பிளாஸ்திரி ஒட்டியிருக்குல்லா?"

தரணி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். இருந்தது. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி, சுவிட்சின் குறுக்கே. மேலே நீலப் பேனாவில் 'தொடாதே'. மை வெளுத்திருந்தது. பெருக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறான். பிய்க்கத் தோன்றியதில்லை, படிக்கவும் தோன்றியதில்லை. தூத்துக்குடியில் இருப்பவளுக்கு இது எப்படித் தெரியும்?

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலையில் இறங்கினான்.

பம்ப் ஓடவில்லை என்றால் முதலில் கரண்ட், பிறகு தண்ணீர், பிறகு குழாய். இங்கேயும் அப்படியே போனான். நிர்வாகி அனுமதியோடு திறந்து பார்த்தான். கிராஃபிக்ஸ் டிரைவர் பழசா என்று பார்த்தான். பழசுதான், ஆனால் ஆட்டம் கேட்கும் அளவுக்குப் புதுசு. ஆட்டத்தின் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னான். ஒரு பச்சைக்கோடு நிதானமாக வளர்ந்து, எல்லாம் பழுதில்லாமல் இருப்பதாகச் சொன்னது. வைரஸ் தடுப்பை நிறுத்தினான். தேதி, நேரம் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்த வளையம்.

இடையில் அம்புக்குறி திரையின் வலது ஓரத்தில் நழுவிக் காணாமல் போனது. இழுத்துக் கொண்டுவந்தான். இந்தக் கம்ப்யூட்டரில் மின்கட்டணம் கட்ட உட்காரும்போதெல்லாம் இப்படித்தான் போகும். சனியன் என்று விட்டுவிடுவான்.

கால் மேசைக்கு அடியில் பெட்டியின் மேல் பட்டது. சூடாக இருந்தது.

"ஜெனிட்டா, ஒண்ணு சொல்லுங்க. சும்மா கிடக்கற மெஷின் ஏன் சுடுது?"



என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தான். மேலிருந்து ஏழெட்டு வரி இறங்கினான். 'எட்டாவது கடல்' என்று ஒரு வரி. பக்கத்தில், எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற தேதி. தேதியை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தான். போன வருடம் இதே நாள். மறுநாள் காலைதான் காய்ச்சலோடு மிருதுளாவைச் சேர்த்தார்கள்.

"இது ஏற்கெனவே ஓடிட்டு இருக்குங்க," என்றான். "அதனாலதான் திறக்கலை. ஓடறதை இன்னொரு தடவை எப்படித் திறக்கும்?"

"ஆமாண்ணே." குரல் இறங்கியிருந்தது. "ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியும். திறக்காதுன்னு தெரியாது."

"யார் ஆடறாங்க?"

"கப்பல் நிக்காதுண்ணே. அதான் இந்த ஆட்டமே. நாம தூங்குனாலும் வேலைக்குப் போனாலும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். சுக்கானை விட்டா பாறையில ஏறிரும். அதனால ஆளுக்கொரு நிழல் குடுத்திருக்கான். நாம ஆடுதப்ப பக்கத்துல உக்காந்து படிக்கும். எப்பத் திருப்புதோம், எப்பப் பதறுதோம், எல்லாம். நாம எந்திரிச்சதும் அது நம்ம மாதிரியே நின்னு பாத்துக்கும்."

"எங்க இருக்கும் அது?"

"அவங்கவங்க வீட்டு மெஷின்லதான். மனுசனோட பழக்கவழக்கம் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்கல்லா, அதுக்குப் பெறகு எல்லா ஆட்டமும் இப்படித்தான். மெஷினை அணைச்சா, கடைசியா ஆள் உக்காந்து ஆடுன நாளுக்குப் போயிரும். இந்த ஒரு வருசமா அது போன தூரமெல்லாம் அழிஞ்சிரும். நல்லவேளை, அவ இன்வெர்ட்டர்ல சேத்து வச்சதால கரண்ட் போனாலும் நிக்கலை."

தரணி பட்டியலில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரியின் ஓரத்தில் ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற மாதிரி என்று தோன்றியது. அது நினைவகத்தின் அளவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அப்ப ஒரு வருஷமா உங்க கப்பலை ஓட்டறது..."

"அவ இல்லண்ணே. அவ நிழல்."

"பேசுமா?"

"பேசாது. பேசுத வசதியெல்லாம் இதுல கிடையாது. சுக்கான் திருப்பும், விளக்கு போடும், ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான். ஆனா அவ திருப்புத மாதிரியே திருப்பும்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அணைச்சிருவீங்களோன்னு பயம்."

"இப்பவும் அணைக்கலாம்ல?"

"அணைக்கலாம்," என்றாள் ஜெனிட்டா. "உங்க வீட்டுக் கரண்ட்."

கோபம் வரும் என்று சற்றுக் காத்திருந்தான். வரவில்லை. ஒரு வருடமாக எதுவும் வருவதில்லை. வந்தது ஒரு கேள்விதான்.

"ஆறு மணிக்கு என்ன ஆகும்?"

"ஆள் தொடாத நிழல் ஒரு வருசத்துக்கு மேல இருக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். செத்தவங்களை வச்சு ஆட்டம் ஆடக் கூடாதுன்னு. இன்னைக்கு ஆறு மணிக்கு வருசம் முடியுது. அதுக்குள்ள ஆள் வந்து ஒரு மணி நேரம் எந்திரிக்காம ஆடுனா இன்னொரு வருசம் விட்டுரும். இல்லன்னா நிழலை அழிச்சிரும்."

"வந்திருக்கறது அதே ஆளான்னு பாக்காதா?"

"பாக்கும். மவுஸ் ஆட்டுத விதம், சாவி அழுத்துத வேகம். கைய வச்சு ஆளைக் கண்டுபிடிக்கும்."

"அப்ப நான் தொட்டாத் தெரிஞ்சிடுமே."

"உங்களை அதுக்குத் தெரியும்ணே. முதல்ல திறங்க. பெறகு காட்டுதேன்."

தோற்ற பம்புக்குத் தேர்ச்சி முத்திரை குத்தச் சொல்லி அவனிடம் எத்தனையோ பேர் சிரித்துப் பேசியிருக்கிறார்கள். ஒரு முறைகூடக் குத்தியதில்லை. இவள் கேட்பதும் அதுவேதான். ஆனாலும் முதலில் அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஓடுகிறது, சரி. எங்கே ஓடுகிறது? திரையில் ஒரு ஜன்னலும் இல்லை. அம்புக்குறியை மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினான். ஓரத்தைத் தாண்டியது. மறைந்தது. இன்னும் நகர்த்தினான். எங்கோ போய்க்கொண்டே இருந்தது.

அமைப்புகளில் திரை என்ற பகுதியைத் திறந்தான். இரண்டு கட்டங்கள். ஒன்று, இரண்டு. இந்த மேசையில் ஒரு வருடமாக இருப்பது ஒரே திரை.

மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். தூசிக்குள் ஒரு கேபிள் தொங்கியது. நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு கன்வெர்ட்டர், அதில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம். அன்று திரையைக் கழற்றியபோது அவன் கன்வெர்ட்டரோடு கேபிளை அப்படியே விட்டுவிட்டான். கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது திரை இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டம் அந்த இல்லாத திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அந்த கேபிளைப் புடுங்கிட்டா இந்தத் திரைக்கு வந்துடாதுங்களா?"

"சில பேருக்கு வந்திருக்கு. சில பேருக்கு ஆட்டமே நின்னு போயிருக்கு. வேண்டாம்ணே."

இருக்கிற திரை பழசு. அந்தக் கேபிள் இதில் நுழையாது. டிவி ஹாலில் சுவரோடு திருகப்பட்டிருக்கிறது, அங்கே எட்டாது. மிருதுளாவின் திரைதான் வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தினமும் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறான்.

*

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் குழந்தைவேல், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் காவல் அறையில்தான் இருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், கேமரா பார்க்கத் திரை இல்லை என்று அவர் சொன்னதும், தரணி ஒன்றும் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டான். அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

"ஏனுங் தம்பி, குடுத்துப்போட்டு இப்ப திருப்பிக் கேக்கறீங்ளே?"

"ஒரு நாளைக்குத்தானுங்க அண்ணா."

"அப்பறம் கேட்டை எதுல பாக்கறது?"

தரணி திரும்பிப் பார்த்தான். திரையில் கேட் தெரிந்தது. திரைக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாகவும் அதே கேட் தெரிந்தது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"கேட்டு இங்கயேதானுங்க இருக்குது," என்றான்.

ஸ்டூலில் இருந்த காவலர் சிரித்துவிட்டு, செயலாளர் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

"ரூலுன்னு ஒண்ணு இருக்குதுங்ல? நாளைக்கு எவனாச்சும் பைக்கைத் தள்ளிட்டுப் போனா, உட்கார்ந்து சினிமா பாத்துட்டு இருந்தீங்ளான்னு என்னையத்தான கேப்பாங்க? சரி, அப்படி என்ன அவசரமுங்க?"

 உள்ளதைச் சொன்னான்.

"மிருதுளா கம்ப்யூட்டர்ல ஒரு கப்பல் ஒரு வருஷமா ஓடிட்டு இருக்குதுங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்தத் திரையிலதான் அது தெரியும். சாயங்காலம் நின்னுடுமாம்."

குழந்தைவேல் அவனையே பார்த்தார். பிறகு தானே எழுந்து, திரைக்குப் பின்னால் போய்க் கேபிளைக் கழற்றினார். துண்டால் தூசியைத் துடைத்தார்.

"சாப்பிட்டீங்ளா தம்பி?"

"ஆச்சுங்க."

ஒரு வருடமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு வருடமாக அதே பதில். குழந்தைவேல் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஊட்ல சொல்லி எதாச்சும் குடுத்துடச் சொல்றனுங்க. கதவைத் தட்டினா மட்டும் தொறங்க. நீங்க தொறக்கறதே இல்லீன்னு புகார் இருக்குது."

*

திரையை மேசையில் வைத்து, கரண்ட் கொடுத்து, தூசி படிந்த கேபிளைச் செருகினான். சில நொடிகள் கறுப்பு. பிறகு கடல்.

சாம்பல் நிறத்தில், மேடும் பள்ளமுமாக, திரை முழுக்கக் கடல். கீழே கப்பலின் முன்பகுதி. நடுவில் மரச்சக்கரம் மாதிரி சுக்கான். அதைப் பிடித்துக் கைகள் எதுவும் இல்லை. ஆனால் அது அசைந்துகொண்டிருந்தது. மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம்.

தூரத்தில் ஒரு தீவு வந்தது. வலப்பக்கம் திரும்ப வேண்டும். சுக்கான் முதலில் இடப்பக்கம் லேசாகப் போனது. பிறகுதான் வலப்பக்கம் வளைந்தது.

தரணியின் கை தானாக நாற்காலியின் ஓரத்தைப் பற்றியது. மிருதுளா ஸ்கூட்டர் ஓட்டுவதும் இப்படித்தான். வலப்பக்கம் திரும்பும் முன் இடப்பக்கம் ஒரு வளை வளைப்பாள், லாரி ஓட்டுவது மாதிரி. பின்னால் உட்கார்ந்து அவன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், எப்படி என்பாள். அவளுக்கே தெரியாது. இதற்குத் தெரிந்திருக்கிறது.

ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டான்.

"தெரியுதாண்ணே?" ஜெனிட்டா. "நான் மேல்தட்டுல நிக்கேன், பாறை பாத்துச் சொல்லுத வேலை. எஞ்சின்ல மாஸ்டர்."

"வணக்கம் தம்பி," என்றது ஒரு முதிய குரல். "நான் ரஞ்சன். யாழ்ப்பாணம். கணக்குப் படிப்பிச்ச ஆள், இப்ப பென்சன். மிருதுளாப் பிள்ளை என்னைப் பற்றிச் சொல்லியிருக்குமோ தெரியாது."

"நிலக்கரியை மிச்சம் பிடிப்பீங்கன்னு சொல்லியிருக்கா."

"கஞ்சன் எண்டு சொல்லியிருக்கும்." சிரித்தார். "தம்பி, ஒண்டு சொல்லவேணும். நான் தனிய இருக்கிறனான். இரவில நித்திரை வராது. அந்தப் பிள்ளை சுக்கானில நிண்டா மட்டும் கொஞ்சம் கண்ணயருவன். இந்த ஒரு வருசமும் அப்பிடித்தான். பிழையோ சரியோ, நான் சொல்லிப்போட்டன்."

தரணி சுக்கானைப் பார்த்தான்.

"என்னை இதுக்குத் தெரியும்னீங்களே, எப்படி?"

ஜெனிட்டா சிரிப்பை அடக்குவது கேட்டது. "தினமும் ராத்திரி எட்டு மணி வாக்குல கப்பல் குடிகாரன் மாதிரி போகும்ணே. ஒரே இழுப்பா இடது பக்கம் இழுக்கும். பாறைகிட்ட போய் முட்டப் பாக்கும். ஒரு இருவது நிமிசம் எங்க உயிரை எடுக்கும். முதல்ல நிழல் கெட்டுப்போச்சோன்னு பயந்தோம். பெறகுதான் மாஸ்டர் கண்டுபிடிச்சாரு. அது நீங்க."

அவனுக்குப் புரிந்தது. சாப்பாட்டு நேரம். மிருதுளாவுக்குச் சோறு பிசைந்துதான் சாப்பிட வேண்டும். ஸ்பூன் வைத்தால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பாள். சோற்றுக் கையோடு மவுஸைத் தொட முடியாது. கப்பலையும் விட முடியாது. அதனால் அவள் தட்டோடு சமையலறைக்குப் போகும்போது அவன் வந்து நாற்காலியில் உட்காருவான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவள் வரும்வரை பிடித்துக்கொண்டிருப்பான், ஒன்றும் தெரியாமல். அந்த நேரத்தில் நிழலும் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறது. இந்தக் கை வேறு, அந்தக் கை வேறு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"அதனால உங்க கையும் அவ கணக்குலதான் இருக்கு," என்றாள் ஜெனிட்டா. "சோதனையில தேறிரும்."

"நான் ஒரு மணி நேரம் ஓட்டினா, அதையும் இது படிக்குமில்லைங்களா?"

ரஞ்சன் மாஸ்டர்தான் பதில் சொன்னார். "ஓம் தம்பி. படிக்கும். வருசா வருசம் நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்தா, வருசா வருசம் உங்கட கை கொஞ்சம் கூடும். பிள்ளையின்ர கை கொஞ்சம் குறையும். ஒரு பத்துப் பதினைஞ்சு வருசத்தில பேர் மட்டும்தான் பிள்ளையின்ர பேரா இருக்கும்."

"காப்பாத்தக் காப்பாத்தக் குறையும்."

"அப்பிடித்தான். காப்பாத்தாட்டி ஆறு மணிக்கு முழுசாப் போகும். நாங்கள் கேக்கிறது நியாயமில்லை எண்டு எனக்கும் தெரியும்."

கடிகாரம் நாலே கால் காட்டியது. தரணி நாற்காலியை இழுத்துப்போட்டான்.

"சுக்கானைத் தொட்டா என்ன ஆகும்?"

"தொட்டா சுக்கான் உங்களுக்கு. நிழல் விட்டுரும். விளக்கு, ஹாரன் மாதிரி மத்ததை அது பாத்துக்கும். நீங்க எந்திரிச்சா மறுபடி அது எடுத்துக்கும். எந்திரிச்சா மட்டும் ஒரு மணிக் கணக்கு முதல்லருந்து ஆரம்பிக்கும்ணே, பாத்துக்கிடுங்க."

அவன் மவுஸைத் தொட்டான்.

கப்பல் உடனே இடப்பக்கம் இழுத்தது.

"வந்துட்டாரு!" என்று கத்தினாள் ஜெனிட்டா. "மாஸ்டர், அண்ணன் வந்துட்டாரு! புடிச்சுக்கிடுங்க!"

"நான் எஞ்சினைக் குறைக்கிறன். உயிர் முக்கியம்."

திரையின் மேல்மூலையில் ஒரு வெள்ளைக்கோடு தோன்றி மெல்ல வளர்ந்தது. கையைச் சோதிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கோடு பச்சையானது. 'நல்வரவு, மிருதுளா' என்று எழுத்து வந்து மறைந்தது. அவன் அதைப் படிக்காத மாதிரி பார்வையைக் கடலில் வைத்துக்கொண்டான்.

கடினமாகத்தான் இருந்தது. இழுத்தால் அதிகமாகத் திரும்பியது. விட்டால் வேறெங்கோ போனது. ஜெனிட்டா, "பாறைண்ணே, வலது, வலது, உங்க சோத்துக்கை பக்கம்!" என்று வழி சொன்னாள். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் நிலக்கரி எவ்வளவு வீணானது என்று சொன்னார். ஏன் இடப்பக்கமே இழுக்கிறது என்று தரணி ஆராய ஆரம்பித்தான். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றுவதால். ஊன்றாமல் ஓட்டிப் பார்த்தான். கொஞ்சம் நேராகப் போனது. அலையின் முதுகில் ஏறும்போது திருப்பினால் குறைவாகவும், இறங்கும்போது திருப்பினால் அதிகமாகவும் வளைகிறது என்று கண்டுபிடித்தான். இது அவனுக்குச் சுவாரசியமாக இருந்தது. சுவாரசியமாக இருக்கிறது என்பதே பிறகுதான் உறைத்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "தொறந்துதான் இருக்குது, வெச்சிட்டுப் போங்க," என்று குரல் கொடுத்தான். டிபன் கேரியர் தரையில் வைக்கப்படும் சத்தம். தக்காளி ரசத்தின் மணம் அறைக்குள் வந்தது.

எதிரே ஒரு குறுகலான வழி. இரண்டு பக்கமும் கருப்பாகப் பாறை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கப்பலை உள்ளே விட்டான்.

ஹாரன் அடித்தது. சுருக்கமாக, இரண்டு முறை. பாம், பாம்.

தரணி எழுந்து நின்றான்.

யோசிக்கவே இல்லை. நாற்காலி பின்னால் உருண்டு கட்டிலில் இடித்தது. கை மவுஸை விட்டிருந்தது. திரையில் சுக்கான் இடப்பக்கம் மயிரிழை போய், வலப்பக்கம் வளைந்து, கப்பல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நழுவிப் போனது. மூலையில் பச்சைக்கோடு அணைந்தது.

"அண்ணே! ஏன் எந்திரிச்சீங்க? இருவது நிமிசம்கூட ஆகலையே!"

அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அந்த ஹாரன்," என்றான்.

"அது தினமும் அடிக்குண்ணே. எட்டு மணிக்குக் குடிகாரன் மாதிரி போகும், பெறகு ரெண்டு ஹாரன், பெறகு நேரா போகும். எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

"கை கழுவிட்டு வருவா. கை ஈரமா இருக்கும். விரலால கீபோர்டைத் தொட மாட்டா, கெட்டுப் போயிடும்னு. என் தோளுக்கு மேல கையை நீட்டி, மணிக்கட்டால அந்தச் சாவியை ரெண்டு தட்டு தட்டுவா. எந்திரின்னு அர்த்தம்."

 கடல் சத்தத்துக்கு அடியில் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"நேரம் இருக்குண்ணே," என்றாள் ஜெனிட்டா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்ப உக்காந்தாலும் ஒரு மணி நேரம் ஆயிரும். அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். எந்திரிக்காம மட்டும் இருங்க."

தரணி யோசித்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் என்றால் அந்த ஹாரன் இன்னும் இரண்டு மூன்று முறை அடிக்கும். ஒவ்வொரு முறையும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் இது படிக்கும். ஹாரன் அடித்தாலும் இந்த ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று படிக்கும். அடுத்த வருடம் அடிக்காது.

"இல்லைங்க," என்றான். "என்னால அது ஆகாது."

யாரும் வற்புறுத்தவில்லை. மாஸ்டர் சொன்னார்: "சரி தம்பி. விளங்குது."

"ஆறு மணிக்கு அப்பறம் சுக்கானுக்கு யாரு?"

"யாருமில்லை. ஆள் தேடவேணும்."

"என் பேர்ல உட்காரலாமா?"

ஜெனிட்டாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "உக்காரலாம்ணே. ஆனா புது ஆளாத்தான். நிழல் எதுவும் இருக்காது. நீங்க எந்திரிச்சா கப்பல் ஆளில்லாத வீட்டுல எரியுத அடுப்பு மாதிரி, பாத்துக்கிட யாரும் இருக்க மாட்டாங்க. நாங்கதான் மாத்தி மாத்திப் பாத்துக்கிடணும்."

"பரவாயில்லைங்க. அதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் சாப்பிட்டுட்டு வந்துடறேன். அவ பாத்துக்கட்டும்."

டிபன் கேரியரைத் திறந்தான். சோறு சூடாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சமையலறையில் உட்காராமல், கட்டிலின் ஓரத்தில் திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். ரசம் ஊற்றிப் பிசைந்தான். வலது கை முழுக்கச் சோறு. கப்பல் வளைவதற்கு முன் எதிர்ப்பக்கம் சாய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். ஒரு தீவு கடந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. உள்ளே கடலும் மஞ்சளானது.

தட்டைக் கழுவி வைத்தான். கையைக் கழுவினான். துண்டைத் தேடாமல் வந்தான்.

ஆறு அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. வேறொரு ஜன்னலில் தன் பெயரைப் பதிந்து வைத்திருந்தான், ஆறு மணிக்கு அது தானாக வந்துவிடும். நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் நின்று, இல்லாத தோள் ஒன்றுக்கு மேலாகக் கையை நீட்டினான். ஈர மணிக்கட்டால் ஹாரன் சாவியை இரண்டு தட்டு தட்டினான்.

பாம், பாம்.

பிறகு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். சுக்கான் அவன் கைக்கு வந்தது. வருவதற்குச் சற்று முன்னாலோ வந்த பிறகோ, கப்பல் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

 ஆறு மணியானதும் மூலையில் மிருதுளாவின் பெயர் போய் அவன் பெயர் வந்தது. மேசைக்கு அடியில் மின்விசிறியின் சத்தம் ஒரு படி இறங்கியது.

"தம்பி," என்றார் ரஞ்சன் மாஸ்டர். "நான் கொஞ்சம் நித்திரை கொள்ளலாமோ?"

தரணி எதிரே பார்த்தான். பாறை ஒன்று வந்துகொண்டிருந்தது. தேறாத பம்புக்கு அவன் முத்திரை குத்துவதில்லை.

"இன்னிக்கு வேண்டாங்க மாஸ்டர்," என்றான். "முழிச்சிருங்க."